ஆறு வெற்றி, ஆறு தோல்வி: அப்புறம் எதற்கு இந்த 'பௌல்' கொண்டாட்டம்?

கேள்வி சுருக்கமாக இது. மகள் அமெரிக்காவில் படிக்கிறாள். அவளுடைய பல்கலைக்கழக ஃபுட்பால் அணி இந்த சீசனில் ஆறு ஆட்டம் ஜெயித்தது, ஆறு தோற்றது. ஆனாலும் "நாங்க பௌலுக்குப் போறோம்ப்பா" என்று துள்ளுகிறாள். டிவியைப் போட்டால் டிசம்பர் நடுவிலிருந்து ஏதாவது ஒரு பௌல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒன்றுக்கு உருளைக்கிழங்கின் பெயர், இன்னொன்றுக்கு மயோனைஸின் பெயர். ஜெயித்த அணி அடுத்த சுற்றுக்குப் போவதாகவும் தெரியவில்லை. இது என்ன மாதிரிப் போட்டி?

இதை ஒரு போட்டித் தொடர் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் எத்தனை வருடம் பார்த்தாலும் புரியாது. பௌல் என்பது ஒரு ஊர் நடத்தும் விழா. ஊரின் விழாக் கமிட்டி வெளியூரிலிருந்து இரண்டு அணிகளை அழைத்து ஒரே ஒரு ஆட்டம் ஆடவைக்கிறது. கூடவே வரும் ரசிகர்கள் நாலு நாள் ஹோட்டலில் தங்கி, சாப்பிட்டு, ஊர் சுற்றி, காசைச் செலவழித்துவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான். அடுத்த சுற்று என்ற ஒன்று இல்லாததற்குக் காரணம், அந்த ஊருக்கு அடுத்த சுற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதுதான்.

(ஃபுட்பால் என்று இங்கே நான் சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டத்தை. பௌல் என்றால் கிண்ணம். உச்சரிப்புப்படி 'போல்' என்றுதான் எழுதவேண்டும். ஆனால் 'ரோஸ் போல்' என்று எழுதினால் ரோஜாவைப் போல என்று படித்துவிடுவீர்கள்.)

கதை தொடங்குவது கலிஃபோர்னியாவின் பாசடீனாவில். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியும் நடுப் பகுதியும் பனியில் புதைந்து கிடக்கும் ஜனவரியில் அங்கே ரோஜா பூக்கும். இதை ஊருலகத்துக்குக் காட்டவேண்டும் என்று உள்ளூர் கிளப் ஒன்று 1890 புத்தாண்டு அன்று மலர் ஊர்வலம் ஒன்றைத் தொடங்கியது. ஊர்வலத்துக்குக் கூட்டம் சேர்க்க 1902 ஜனவரி 1 அன்று ஒரு ஃபுட்பால் ஆட்டம் வைத்தார்கள். மிச்சிகன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணிகள் ஆடின. அந்த வருட மிச்சிகன் அணி சீசன் முழுக்க எதிரிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காத அணி. 49-0 என்று போய்க்கொண்டிருந்தபோது, இன்னும் எட்டு நிமிடம் மீதியிருக்க, ஸ்டான்ஃபோர்டு "போதும்" என்று விலகிக்கொண்டது.

கமிட்டிக்கு ஃபுட்பாலே வெறுத்துவிட்டது. அடுத்த வருடம் போலோ வைத்தார்கள். அப்புறம் பத்து வருடத்துக்கு மேல் ரோமானியர் பாணியில் குதிரை ரதப் பந்தயம். நெருப்புக்கோழிப் பந்தயமும் நடந்தது. ஒருமுறை யானைக்கும் ஒட்டகத்துக்கும் ஓட்டம் வைத்தார்கள். யானை ஜெயித்தது. இதையெல்லாம் சொல்லக் காரணம், கமிட்டிக்கு எந்த விளையாட்டு என்பது முக்கியமே இல்லை, கூட்டம் வந்தால் சரி. 1916-இல்தான் ஃபுட்பால் திரும்பி வந்தது, இந்த முறை நிலைத்துவிட்டது.

கூட்டம் பெருகியதும் 1922-இல் புது மைதானம் கட்டினார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் 1914-இல் திறந்த கிண்ண வடிவ மைதானத்துக்கு யேல் பௌல் என்று பெயர். அதைப் பார்த்து இதற்கு ரோஸ் பௌல். மைதானத்தின் பெயர் அங்கே நடக்கும் ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு கிண்ண வடிவமே இல்லாத மைதானங்களில் நடந்த ஆட்டங்களும் பௌல் ஆகிவிட்டன. தொழில்முறை ஃபுட்பாலின் சூப்பர் பௌலுக்கும் இந்தப் பாசடீனா கிண்ணம்தான் மூலம்.

1930களில் பொருளாதார மந்தம். சுற்றுலாவை நம்பியிருந்த தெற்கத்தி ஊர்கள் தவித்துக்கொண்டிருந்தன. பாசடீனாவில் ஒரு ஆட்டத்தால் ஊருக்கே வருமானம் வருவதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்களா? 1935 புத்தாண்டு அன்று மயாமியில் ஆரஞ்ச் பௌல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பௌல். 1937-இல் டல்லாஸில் காட்டன் பௌல். பெயர்களைக் கவனியுங்கள்: ரோஜா, ஆரஞ்சு, சர்க்கரை, பருத்தி. எல்லாம் அந்தந்த வட்டாரத்தின் பெருமை அல்லது விளைச்சல். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இது ஒரு ஜுரமாகவே பரவியது. டாம்பாவில் சிகார் பௌல், ஃப்ரெஸ்னோவில் உலர்திராட்சை பௌல். எனக்கு மிகப் பிடித்தது இண்டியானாவின் எவன்ஸ்வில் நகரம் 1948 முதல் சில வருடம் நடத்தியது. அந்த ஊரில் குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலைகள் அதிகம், அதனால் ரெஃப்ரிஜிரேட்டர் பௌல். மயோனைஸ் பௌலைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஊர் விழா என்பதால் ஊரின் அழுக்கும் இதில் படியும். 1956 சுகர் பௌலுக்கு ஜார்ஜியா டெக்கும் பிட்ஸ்பர்கும் வருவதாக ஏற்பாடு. பிட்ஸ்பர்க் அணியில் பாபி க்ரியர் என்ற கறுப்பின வீரர் இருந்தார். கறுப்பினத்தவர் ஆடும் ஆட்டத்தில் நம் கல்லூரி இறங்கக்கூடாது என்று ஜார்ஜியாவின் ஆளுநர் மார்வின் கிரிஃபின் தடுக்கப் பார்த்தார். ஜார்ஜியா டெக் மாணவர்கள், வெள்ளையர்கள்தான், தெருவில் இறங்கி ஆளுநர் மாளிகை வரை ஊர்வலம் போனார்கள். அவர்களில் எத்தனை பேர் சமத்துவத்துக்காகப் போனார்கள், எத்தனை பேர் பௌல் கைநழுவிப் போகிறதே என்று போனார்கள் என்பது வேறு கேள்வி. ஆட்டம் நடந்தது. சுகர் பௌலில் ஆடிய முதல் கறுப்பின வீரர் க்ரியர். 7-0 என்று ஜார்ஜியா டெக் ஜெயித்தது, அந்த ஒரே டச்டவுனுக்கு (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது) வழிவிட்டது க்ரியர் மீது சுமத்தப்பட்ட ஒரு ஃபவுல். அது ஃபவுலே இல்லை என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. அதே வருடம் லூயிசியானா அரசு, வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து விளையாடுவதையே தடைசெய்து சட்டம் போட்டது. நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவிக்கச் சில வருடங்கள் ஆயின.

சரி, சாம்பியன் யார் என்று எப்படி முடிவு செய்தார்கள்? முடிவு செய்யவில்லை, ஓட்டுப் போட்டார்கள். 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் விளையாட்டு நிருபர்களிடம் ஓட்டு வாங்கித் தரவரிசை வெளியிடுகிறது. பயிற்சியாளர்களின் ஓட்டு என்று இன்னொன்று பின்னால் வந்தது. வேடிக்கை என்னவென்றால், பல வருடங்கள் இந்த இறுதி ஓட்டு பௌல் ஆட்டங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிடும். பௌல்தான் விழா ஆட்டம் ஆயிற்றே, அதைப் போய்க் கணக்கில் எடுப்பார்களா? 1960 சீசனில் மின்னசோட்டாவைச் சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்கள். பிறகு அது ரோஸ் பௌலில் வாஷிங்டனிடம் 17-7 என்று தோற்றது. பட்டம் பட்டமாகவே இருந்தது. நிருபர்கள் 1968 முதல் பௌல் முடியும்வரை காத்திருக்கத் தொடங்கினார்கள். பயிற்சியாளர்களுக்குப் புத்தி வர 1973 தேவைப்பட்டது. அந்த வருடம் அவர்கள் பட்டம் கொடுத்த அலபாமா, சுகர் பௌலில் நோட்டர் டேமிடம் 24-23 என்று தோற்றதும், அடுத்த வருடமே விதியை மாற்றிக்கொண்டார்கள்.

முதலிடமும் இரண்டாமிடமும் நேருக்கு நேர் மோதினால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்று கேட்பீர்கள். கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்ற வட்டாரக் கூட்டமைப்புகளாக இருக்கின்றன. ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் ஏதாவது ஒரு பௌலோடு ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தது. மேற்குக் கரைச் சாம்பியனும் பிக் டென் என்ற நடுமேற்குக் கான்ஃபரன்ஸின் சாம்பியனும் 1947 முதல் ரோஸ் பௌலுக்கு என்று நேர்ந்துவிடப்பட்டவர்கள். இரண்டாமிடத்தில் இருப்பவன் ஃப்ளோரிடாவில் இருந்தால் முதலிடத்தவன் பாசடீனாவில் இருப்பான். 1997 சீசனில் அதுதான் நடந்தது: மிச்சிகனும் நெப்ராஸ்காவும் தோல்வியே காணாமல் வெவ்வேறு பௌலில் ஜெயித்து, பட்டத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இந்தக் கட்டை ஒருமுறை சாமர்த்தியமாக உடைத்தது அரிசோனாவின் ஃபியஸ்டா பௌல். 1971-இல் பிறந்த பொடிப்பயல், பழைய புத்தாண்டு பௌல்கள் இதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. 1986 சீசன் முடிவில் மயாமி முதலிடம், பென் ஸ்டேட் இரண்டாமிடம். இரண்டும் அப்போது எந்தக் கான்ஃபரன்ஸிலும் இல்லாதவை. ஃபியஸ்டா பணத்தைக் காட்டி இரண்டையும் மடக்கிப்போட்டு, ஆட்டத்தை ஜனவரி 2 இரவுக்கு வைத்தது. மற்ற பௌல்கள் முடிந்துபோன நாள், டிவிக்கு வேறு போட்டியே இல்லை. மயாமி வீரர்கள் ராணுவச் சீருடையில் விமானத்திலிருந்து இறங்கி வந்து வம்பிழுத்தார்கள், ஆட்டத்தில் 14-10 என்று தோற்றுப்போனார்கள். பௌலுக்கு முன்னால் ஒரு கம்பெனியின் பெயரைச் சேர்க்கும் வழக்கத்தைத் தொடங்கியதும் ஃபியஸ்டாதான். சன்கிஸ்ட் என்ற ஆரஞ்சுப்பழ நிறுவனத்தின் பெயரை 1986-இல் ஒட்டிக்கொண்டது. வாசல் திறந்ததும் எல்லோரும் நுழைந்தார்கள். 1990களில் லூயிசியானாவில் நடந்த ஒரு பௌல் புல்வெட்டும் கருவியின் பெயரில் ஓடியது. இன்றும் கேலிக்கு அதைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

இப்போதைய ஸ்பான்சர்கள் கேலியையே வியாபாரமாக்கிவிட்டார்கள். சார்லட்டில் நடக்கும் மயோனைஸ் பௌலில் ஜெயித்த அணியின் கோச் தலையில் ஒரு பாத்திரம் நிறைய மயோனைஸைக் கவிழ்க்கிறார்கள். ஐடஹோவில் வறுத்த உருளைக்கிழங்கு. 2023 டிசம்பரில் ஆர்லாண்டோவில் நடந்த பாப்-டார்ட்ஸ் பௌலில், அந்தத் தின்பண்டத்தின் வேஷம் போட்ட ஆள் ஆட்டம் முடிந்ததும் ராட்சத டோஸ்டருக்குள் சிரித்தபடி இறங்கினார். கீழே இருந்து ஆள் உயரப் பண்டம் ஒன்று வெந்து வெளியே வந்தது. ஜெயித்த கான்சஸ் ஸ்டேட் வீரர்கள் அதைப் பிய்த்துத் தின்றார்கள். நாடு முழுக்க இதையே பேசினார்கள். ஸ்கோர் 28-19 என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

1998 முதல் 2013 சீசன் வரை பிசிஎஸ் என்ற ஏற்பாடு இருந்தது. ஓட்டையும் கம்ப்யூட்டர் கணக்கையும் கலந்து முதல் இருவரைத் தேர்ந்தெடுத்து மோதவிடும். முதல் தடவையாக நேரடி மோதல் உறுதியானது, ஆனால் மூன்றாமவன் நியாயமானவனாக இருந்தால் என்ன செய்வது? 2003-இல் நிருபர்களும் பயிற்சியாளர்களும் முதலிடம் கொடுத்த யுஎஸ்சி (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), கம்ப்யூட்டர் கணக்கால் வெளியே நின்றது. எல்எஸ்யு (லூயிசியானா ஸ்டேட்) பிசிஎஸ் சாம்பியன், யுஎஸ்சி நிருபர்களின் சாம்பியன் என்று மறுபடியும் பிளவு. அடுத்த வருடம் ஆபர்ன் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வெளியே உட்கார்ந்திருந்தது.

ஆனால் சாம்பியன் பட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பௌலை நான் யாருக்கும் முதலில் காட்டுவேன்: 2007 புத்தாண்டு ஃபியஸ்டா பௌல். ஒரு பக்கம் ஓக்லஹோமா, பாரம்பரியப் பெரிய குடும்பம். எதிரே நீல நிறப் புல்தரையில் ஆடும் சின்ன ஊர் அணி பாய்சி ஸ்டேட். கடைசி நொடிகளில் ஏழு புள்ளி பின்தங்கி, நான்காவது முயற்சி, அதாவது கடைசி வாய்ப்பு, 18 கெஜம் போகவேண்டும். பந்தை வாங்கிய வீரர் தன்னைப் பிடிக்க எல்லோரும் ஓடிவரும்போது எதிர்த்திசையில் ஓடிவந்த கூட்டாளியிடம் அதைத் தள்ளிவிட்டார். அவர் கோட்டைத் தாண்டும்போது மீதியிருந்தது ஏழு நொடி. சமன். கூடுதல் நேரத்தில் ஓக்லஹோமா முதலில் டச்டவுன் போட, பாய்சியும் பதிலுக்குப் போட்டது. ஒரு புள்ளி உதை எடுத்தால் மறுபடி சமன். அவர்கள் உதைக்காமல், பந்தை இன்னொரு முறை கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகும் இரண்டு புள்ளிக்குப் போனார்கள். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், வெறும் கையை எறிவதுபோல் வீச, பந்து அவர் முதுகுக்குப் பின்னால் இயன் ஜான்சன் கைக்குப் போயிருந்தது. 43-42. அந்த ஜான்சன் நேராகப் போய் டிவி கேமரா முன்னால் மண்டியிட்டு, அணியின் சியர்லீடரான தன் காதலியிடம் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று கேட்டார். அந்த சீசனில் தோல்வியே காணாத ஒரே அணி பாய்சி. பட்டம் ஃப்ளோரிடாவுக்குப் போனது. இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது.

பணக் கணக்குக்கு வருவோம். பௌலுக்குப் போனால் கல்லூரிக்குப் பணம் கொட்டும் என்று ஒரு நினைப்பு உண்டு. கமிட்டி தரும் தொகை பெரும்பாலும் கான்ஃபரன்ஸுக்குப் போய், அங்கே பங்கு பிரிக்கப்படும். பதிலுக்குக் கல்லூரி ஒரு கட்டு டிக்கெட்டை விலைக்கு எடுத்துக்கொள்ளவேண்டும், விற்றாலும் விற்காவிட்டாலும். 2011 ஃபியஸ்டா பௌலுக்குக் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் தலையில் 17,500 டிக்கெட் விழுந்தது. நாட்டின் அந்தக் கோடியிலிருந்து அரிசோனாவுக்கு அவ்வளவு பேர் எங்கே வருவார்கள்? வந்த சிலரும் மலிவு டிக்கெட்டை வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள். ஓக்லஹோமாவிடம் 48-20 என்று தோற்று, பத்து லட்சம் டாலருக்கு மேல் கையைச் சுட்டுக்கொண்டு திரும்பியது. இன்று டிக்கெட்டைவிட டிவிதான் பௌலை வாழவைக்கிறது. ஒரு டஜனுக்கும் மேற்பட்ட பௌல்களுக்கு ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டு டிவி நிறுவனமே சொந்தக்காரன். விடுமுறை வாரத்தின் செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு அதற்கு ஏதாவது நேரலை வேண்டும். பாதி காலி மைதானமாக இருந்தாலும் வீட்டில் பார்ப்பவர்கள் லட்சக்கணக்கில். பௌல்கள் 40-க்கும் மேல் பெருகியது இதனால்தான்.

அத்தனைக்கும் அணிகள் வேண்டுமே. 12 ஆட்டத்தில் ஆறு ஜெயித்தால் தகுதி என்பது விதி. அதுவும் போதாமல் 2015-இல் ஐந்து ஜெயித்து ஏழு தோற்ற மூன்று அணிகளை, படிப்பில் மதிப்பெண் நன்றாக இருக்கிறது என்று காரணம் சொல்லி அழைத்தார்கள். நெப்ராஸ்கா, மின்னசோட்டா, சான் ஹோசே ஸ்டேட். மூன்றும் தங்கள் பௌலை ஜெயித்துவிட்டன.

வீரர்களின் மனநிலை மாறியது 2016-இல். அந்த வருடப் புத்தாண்டு ஃபியஸ்டா பௌலில் நோட்டர் டேமின் ஜேலன் ஸ்மித்துக்கு முழங்கால் போனது. தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் வருடாந்திர வீரர் தேர்வில் முதல் சிலருக்குள் வருவார் என்று பேசப்பட்டவர், 34-ஆம் ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். கைவிட்டுப்போனது பல கோடி. அந்த டிசம்பரிலேயே ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் எல்எஸ்யுவின் லெனர்ட் ஃபோர்னெட்டும் பௌலில் ஆடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சுயநலம் என்று திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர் விழாவுக்குக் காலைப் பணயம் வை என்று இருபது வயதுப் பையனிடம் கேட்பதுதான் அதிகம். அப்புறம் கல்லூரி மாறும் வசதியும் டிசம்பரிலேயே திறக்க, வீரர்கள் பௌலுக்கு முன்பே மூட்டை கட்டத் தொடங்கினார்கள். கோச்சுகளும் அப்படியே.

இதன் உச்சம் 2023. ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டமும் ஜெயித்திருந்தது. ஆனால் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் கால் முறிந்து உட்கார்ந்துவிட்டதால், பிசிஎஸ்ஸுக்குப் பதிலாக வந்திருந்த நான்கு அணி பிளேஆஃபுக்கு, அதாவது சாம்பியனை முடிவு செய்யும் போட்டித் தொடருக்கு, அதை எடுக்கவில்லை. ஆறுதலாக ஆரஞ்ச் பௌல். வீரர்கள் இருபது பேருக்கு மேல் வரவில்லை. மீதியிருந்தவர்களை வைத்து ஆடி ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்கள். பௌல் வரலாற்றில் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் யாரும் தோற்றதில்லை.

2024 சீசனில் பிளேஆஃப் 12 அணியாக விரிந்தது. முதல் சுற்று கல்லூரி மைதானங்களிலேயே. கால் இறுதியும் அரை இறுதியும் ரோஸ், சுகர், ஆரஞ்ச், காட்டன், ஃபியஸ்டா, பீச் ஆகிய ஆறு பௌல்களில். அதாவது ஆறு பெரிய கிண்ணங்களைப் போட்டித் தொடர் விழுங்கிவிட்டது. முதல் பட்டம் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு. ரோஸ் பௌலில் ஜெயித்தது அவர்களுக்கு வழியில் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். ஒரு காலத்தில் அதுவே ஊர்போய்ச் சேரும் இடம். மற்ற முப்பத்துச் சொச்சம் பௌல்கள் பழையபடி தனித்தனி விழாக்களாகவே இருக்கின்றன.

உங்கள் மகளின் அணி போவது அப்படி ஒன்றுக்குத்தான். ஆறு ஜெயித்து ஆறு தோற்ற அணிக்கு அதில் உண்மையான லாபம் உண்டு. பௌலுக்குத் தகுதி பெற்ற அணி டிசம்பர் முழுக்கப் பயிற்சி எடுக்கலாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடவேண்டும். அடுத்த வருடம் ஆடப்போகும் இளசுகளைக் கோச் அப்போதுதான் நிதானமாகப் பார்ப்பார். நட்சத்திரங்கள் ஒதுங்கிக்கொண்ட இடத்தில் இந்தப் பையன்கள் இறங்குவார்கள். கடைசி வருட மாணவர்களில் பெரும்பாலோருக்கு என்எஃப்எல் கிடையாது, வாழ்க்கையில் ஆடும் கடைசி ஆட்டமே அதுதான். இந்தச் சில்லறை பௌல்கள் பல நேரம் பெரிய ஆட்டங்களைவிட நன்றாக இருப்பதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தோற்றால் போவது ஒன்றுமில்லை, அதனால் கோச்சுகளும் விநோதத் திட்டங்களைத் துணிந்து போட்டுப் பார்க்கிறார்கள்.

மகள் நேரில் போய்ப் பார்க்க ஆசைப்பட்டால் போகட்டும். டிக்கெட்டைப் பல்கலைக்கழகம் விற்கும் விலைக்கு உடனே வாங்கவேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். கனெக்டிகட் கதைதான். சின்ன பௌல்களுக்கு ஆட்டம் நெருங்க நெருங்க மறுவிற்பனைத் தளங்களில் விலை இறங்கும். மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் உட்கார இடம் இருக்கும். கூட ஒரு ஸ்வெட்டர் எடுத்துப்போகட்டும். ஐடஹோவில் டிசம்பரில் ரோஜா பூக்காது.